பூவைப் பார்த்துக்கொண்டிருப்பதும் படிப்புதானா? – ஜவுளி வடிவமைப்பு மாணவியின் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஜவுளி வடிவமைப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், இந்தப் பருவத்தின் செயல்திட்டத்துக்கு ‘மலரும் அசைவும்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, சில வாரங்களாகக் கோயம்பேடு பூச்சந்தைக்கும் தோழி ஒருத்தியின் பரதநாட்டிய வகுப்புக்கும் போய்வருவதைத் தவிர வேறு எதுவும் செய்வதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கரூரில் தறி வைத்து வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதியாளர்களுக்கு நெய்து கொடுப்பவர் என்பதால், டிசைன் எப்படி வருகிறது என்பது தங்களுக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளர் படத்தை அனுப்புகிறார், நாம் நெய்து கொடுக்கிறோம், இதில் பெண் பூவைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் ஒரு தகப்பனின் கவலையோடு ஒரு தொழில்காரரின் கணக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் கவலையைப் பார்ப்போம். பூவைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்தப் படிப்பில் பாடவேளைக்குள் அடங்கும் வேலைதான். ஆனால் பார்த்ததற்குப் பதிவு இருந்தால்தான் அது வேலை. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, “என்ன ஐடியா கிடைத்தது?” என்று கேட்காமல், “வரைபுத்தகத்தைக் காட்டு” என்று கேளுங்கள். அதில் தேதியும் நேரமும் குறித்த கைவரைவுகள், ஒட்டிவைத்த இதழ்கள், நிறத்தைக் கலந்து பார்த்த கட்டங்கள், சரிவராமல் அடித்துவிட்ட பக்கங்கள் ஆகியவை இருந்தால் தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். புத்தகம் வெறுமையாக இருந்து, கைப்பேசியில் மட்டும் நூற்றுக்கணக்கான படங்கள் சேமிக்கப்பட்டிருந்தால், தங்கள் கவலை நியாயமானது. அதைத் தங்கள் மகளிடம் நேரடியாகவே சொல்லலாம்.

அடுத்து, அவர் எடுத்துக்கொண்ட தலைப்பைப் பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு, இதை அவரிடமும் காட்டுங்கள். ‘மலரும் அசைவும்’ என்பது மிக அகலமான தலைப்பு. உலகத்தில் உள்ள எல்லாப் பூக்களும் எல்லா அசைவுகளும் அதற்குள் அடங்கிவிடுவதால், மாணவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சந்தையிலேயே நின்றுவிடுகிறார். அகத்தூண்டுதல் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் தேடும் இடம் பெரிதாகிவிட்டது என்பதே உண்மையான சிக்கலாக இருக்கிறது. ஒரே பூ, ஒரே அசைவு என்று குறுக்கிக்கொண்டால் வேலை தானாக நகரத் தொடங்கும்.

எடுத்துக்காட்டாக அந்திமந்தாரையை எடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்க வேண்டாம். எந்தத் தெருவோரத்திலும் இருக்கும். மாலை நான்கு மணியை ஒட்டி விரியத் தொடங்கி மறுநாள் காலையில் சுருங்கிவிடும் என்பதால், கல்லூரி விட்டு வந்த பிறகும் அதன் முழு மலர்ச்சியைப் பார்க்க முடியும். அதன் மொட்டு, குடைத்துணியைப் போல நீளவாக்கில் மடிந்தும் முறுக்கியும் இருக்கிறது. விரியும்போது முதலில் முறுக்குத் தளர்ந்து, பிறகு மடிப்பு அகன்று, கடைசியில்தான் விளிம்பு தட்டையாகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைந்தால், ஒரே மாலையில் ஒரு வரிசை கிடைத்துவிடும். (நாம் இதழ் என்று நினைப்பது அந்தப் பூவில் உண்மையில் நிறமேறிய புல்லிவட்டம் என்பதைத் தாவரவியல் படித்தவர் யாராவது அவருக்குச் சொன்னால், அவர் வரைவதில் ஒரு கூர்மை கூடும்.)

அசைவைப் பதிவு செய்வதற்கும் பழைய, செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சார்லஸ் டார்வின், தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து செடிகளின் அசைவை ஆராய்ந்தபோது, செடியின் நுனிக்கு எதிரே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் நுனி தெரியும் இடத்தில் புள்ளி வைத்து, பின்பு புள்ளிகளை இணைத்தார். 1880-இல் வெளியான அந்த ஆய்வில், கொடியும் குருத்தும் நாள் முழுவதும் காற்றில் போட்ட சுழிகளும் வளையங்களும் கோட்டுப் படங்களாக இருக்கின்றன. வடிவமைப்பு மாணவரின் கண்ணோட்டத்தில் பார்த்தால், அந்தக் கோடு பூவின் தோற்றத்தை விட்டுவிட்டு அசைவை மட்டும் தருகிறது. தங்கள் மகள் ஒரு ஜன்னல் கண்ணாடியிலும் ஒரு மார்க்கர் பேனாவிலும் இதைச் செய்துவிடலாம். கைப்பேசியில் நேரம் சுருக்கிய காணொளியும் எடுக்கலாம். ஆனால் கையால் வைத்த புள்ளிக்கு ஈடு கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நடன வகுப்புக்குப் போவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். செயல்திட்டத்தின் வலுவான பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பரதநாட்டியத்தில் அலபத்மம் என்ற முத்திரை மலர்ந்த தாமரையைக் காட்டுவது. முகுளம் மொட்டைக் காட்டுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரல்கள் செல்லும் வழியைக் கவனித்தால், ஐந்து விரல்களும் ஒன்றாகத் திறப்பதில்லை, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சுழன்று விரிகின்றன என்பது தெரியும். மேலும், ஆடையின் முன்பக்கம் தைக்கப்படும் விசிறி மடிப்பு, ஆடுபவர் நேராக நிற்கும்போது மூடியும், முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் அமரும்போது விரிந்தும் காட்சி தருகிறது. அந்திமந்தாரை மொட்டில் நடப்பதும் இந்த விசிறியில் நடப்பதும் ஒன்றே, மடிப்பு விரிவது. அடவுகள் எனும் அடிப்படை ஆட்ட அசைவுகளை மூன்று காலங்களில் செய்து பழகுவதால், ஒரே அசைவை மூன்று வேகங்களில் பார்த்து வரையும் வாய்ப்பும் வகுப்பில் கிடைக்கிறது. மேடை நிகழ்ச்சியில் அது கிடைக்காது. ஆடுபவரை வரைய வேண்டாம், மடிப்பின் விளிம்பை மட்டும் வரையட்டும்.

இவ்வழியில் முன்பே நடந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர், மூங்கில் கோல்களைக் கைகளின் நீட்சியாக்கி மெல்லிய பட்டுத் துணியைச் சுழற்றி, மேடையில் லில்லி மலரை உருவாக்கினார். அந்த நடன உடைக்கு 1894-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே, ஆடைகளைத் தேவையான அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தைத்து, அதன்பிறகு தாளுக்கிடையே வைத்து வெப்ப அழுத்தத்தால் மடிப்பேற்றும் முறையை உருவாக்கினார். 1991-இல் ஃபிராங்க்ஃபர்ட் பாலே குழுவுக்காக அத்தகைய உடைகளைச் செய்தார், 1993-இல் அது தனி வணிகப் பெயராகவே சந்தைக்கு வந்தது. நடனக் கலைஞர் குதிக்கும்போது துணி என்ன செய்கிறது என்ற கேள்வி, ஒரு தொழிலாக மாறிய கதை இது.

பூ வடிவம் என்று வரும்போது மாணவர்கள் எல்லோரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸிடம் போய்ச் சேர்வார்கள். போகட்டும், ஆனால் இலைகளை நகல் எடுக்காமல், அவர் வேலை செய்த விதத்தைப் பார்க்கட்டும். 1883-ஆம் ஆண்டின் ‘ஸ்ட்ராபெர்ரி தீஃப்’ (ஸ்ட்ராபெர்ரித் திருடன்) என்ற புகழ்பெற்ற அச்சுத் துணி, அவருடைய கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் பறவைகள் பழத்தைத் திருடித் தின்றதைப் பார்த்ததிலிருந்து பிறந்தது. அங்கே மூலப்பொருளாக இருந்தது பூ மட்டுமன்று, ஒரு நிகழ்ச்சி. அதைத் துணிக்குக் கொண்டுவர, துணி முழுவதையும் அவுரி நீலச் சாயத்தில் முக்கி, வேண்டிய இடங்களில் நீலத்தை வெளுத்து நீக்கி, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றும் நீண்ட முறையை அவர் கைவசப்படுத்தினார். கவனித்ததும் சாயத் தொட்டியில் கற்றதும் சேர்ந்துதான் அந்தத் துணி ஆயிற்று. இரண்டாவது பாதியைத்தான் நம் மாணவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்த இரண்டாவது பாதியில் தங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் வசதி வேறு எந்த மாணவருக்கும் எளிதில் கிடைக்காது, ஏனென்றால் வீட்டிலேயே தறி இருக்கிறது. தாளில் வளைந்து ஓடும் ஒரு கொடி, பூவேலைகளை நெய்யும் ஜக்கார்டு தறிக்கு வரும்போது கட்டக் காகிதத்தில் படிப்படியாக ஏறும் கோடாக மாற வேண்டும் என்பதும், இழைகளைத் தூக்கும் ஊக்குகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் வளைவு பல்லிளிக்கும் என்பதும் தங்களுக்குத் தெரிந்த செய்தி. காஞ்சிபுரத்தின் மல்லிமொக்கு புட்டாவை, அதாவது புடவையில் பரவலாக வரும் சிறு மல்லிமொட்டு வடிவத்தை எடுத்துப் பாருங்கள்: மல்லிகையின் எல்லா நிலைகளையும் விட்டுவிட்டு மொட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் சில இழைகளுக்குள் அடக்கிய சிக்கனம் அதில் இருக்கிறது. சுழலும் உருளைகளால் அச்சிடும் ரோட்டரி அச்சுக்குப் போனால் விதி வேறு. வழக்கமான உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர் என்பதால், டிசைன் அந்த நீளத்துக்குள்ளோ அதைச் சமமாகப் பிரித்த நீளத்துக்குள்ளோ திரும்ப வந்து பொருந்த வேண்டும். பூக்கள் எல்லாம் ஒரே திசையை நோக்கி நின்றால், துணியை வெட்டும்போது எல்லாத் துண்டுகளையும் அதே திசையில் வைக்க வேண்டியிருப்பதால் கழிவு கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல டிசைன்கள் வாங்குவோரால் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. விடுமுறையில் அவரைத் தறிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, அவருடைய அந்திமந்தாரை வரிசையில் ஒரே ஒரு நிலையையாவது நெய்து பார்க்கச் சொல்லுங்கள். பேராசிரியர்களின் மதிப்பீட்டில் அந்த ஒரு சாண் மாதிரித் துணி, இருபது பக்க விளக்கத்தைவிட அதிகம் பேசும்.

இனித் தங்கள் தொழில் கணக்குக்கு வருகிறேன். டிசைன் வெளியிலிருந்து வருகிறது, நாம் நெய்து கொடுக்கிறோம் என்பது இன்றைய நிலை. அதனால்தான் தங்களுக்குக் கூலி மட்டும் கிடைக்கிறது என்பதையும் தாங்களே அறிவீர்கள். சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலாளர்கள் சாயவேரும் படிகாரமும் கொண்டு எழுதிய பூத்துணிகள் ஐரோப்பாவில் விற்ற வேகத்தைத் தாங்க முடியாமல், பிரான்ஸ் 1686-இல் அவற்றைத் தடை செய்தது, இங்கிலாந்து 1721-இல் அவற்றை உடுத்துவதையே சட்டத்தால் தடுத்தது. அக்காலத்திலும் ஐரோப்பிய வணிகர்கள் மாதிரிப் படங்களை அனுப்பியதுண்டு. இங்கிருந்தவர்கள் அவற்றை அப்படியே படியெடுக்காமல், எந்தத் தாவரவியல் நூலிலும் இல்லாத பூக்களைத் தம் கைப்போக்கில் எழுதி அனுப்பினார்கள். பூ வரைவது பிழைப்பாகாது என்ற எண்ணம், இந்தக் கரையின் வரலாற்றுக்குப் பொருந்தாத எண்ணம்.

ஆயினும் வேலைவாய்ப்பைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுதுவது முறையாகாது. படித்து முடித்ததும் கிடைக்கும் முதல் வேலை, பெரும்பாலும் வேறொருவர் வரைந்த டிசைனுக்கு நிற மாற்றங்கள் செய்வதும், டிசைன் திரும்பத் திரும்ப வந்து பொருந்தும் ரிப்பீட்டைக் கணினியில் சரிசெய்வதும், அச்சுக்கு நிறம் பிரிப்பதுமாகத்தான் இருக்கும். சிலர், வாடிக்கையாளரோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசிங் பக்கம் நகர்ந்துவிடுவார்கள், அதிலும் தவறில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் சொந்த டிசைன்களைக் கேட்டு வாங்கும் இடத்துக்குச் செல்பவர்களின் போர்ட்ஃபோலியோவில், முடிந்த அழகான படங்களுடன் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்ற வழித்தடமும் இருக்கும். கட்டளையிட்டால் கணினியே நொடியில் பூ டிசைன் தரும் காலத்தில், அழகான பூ ஒன்றை மட்டும் காட்டுபவருக்கு மதிப்புக் குறைந்துவருகிறது. ஒரு மாலைப்பொழுதைக் கவனித்து, அதிலிருந்து மடிப்பைப் பிரித்தெடுத்து, தறியின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, உடுத்தி நடக்கும்போது அது எப்படித் தெரியும் என்று சொல்லக்கூடியவரைத்தான் நேர்முகத்தில் மேலும் இரண்டு கேள்வி கேட்பார்கள். மேற்படிப்பு வேண்டுமென்றால் முதுகலை வடிவமைப்புப் படிப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதலாம், ஆனால் ஓரிரு ஆண்டுகள் ஆலையிலோ ஸ்டூடியோவிலோ வேலை பார்த்த பிறகு எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

ஒரு சட்டச் செய்தியையும் சொல்லியாக வேண்டும், மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. வடிவமைப்புகள் சட்டம் 2000-இன்படி பதிவு செய்யப்படும் டிசைனுக்குப் பத்து ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும் பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வெளியான டிசைன் புதியது என்ற தகுதியை இழந்துவிடும். பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமலேயே தொழில் முறையில் ஐம்பது பிரதிகளுக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், பதிப்புரிமையும் அதோடு முடிந்துவிடும். ஆகவே, வரைவுகளை இன்ஸ்டாகிராமில் போடட்டும். விற்கும் எண்ணமுள்ள இறுதி டிசைனை மட்டும், முடிவெடுக்கும் வரை போடாமல் வைத்திருக்கட்டும்.

மூன்றாம் ஆண்டில் படிப்பை மாற்றிவிடலாமா என்று கடிதத்தின் இறுதியில் கேட்டிருந்தீர்கள். இந்தக் கட்டத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினித் துறையில் சேர்ந்த சித்தப்பா மகனோடு ஒப்பிட்டுப் பேசுவதை இந்தப் பருவம் முடியும்வரையாவது தள்ளிவைப்பதும் நல்லது. முடிந்தால் ஒரு விடியற்காலையில் அவரைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற தோவாளைக்கு அழைத்துச் செல்லுங்கள்; அரளியையும் நொச்சி இலையையும் மடித்துப் பாய்போலத் தட்டையாக மாணிக்கமாலை கட்டுபவர்களின் விரல் வேகத்தைப் பார்ப்பது, அவருடைய தலைப்புக்கு நேரடியாக உதவும். இடைப்பருவ மதிப்பீட்டுக்கு முன்னால், தலைப்பை ஒரே பூவாகவும் ஒரே அசைவாகவும் குறுக்கி அரைப் பக்கத்தில் எழுதி, வழிகாட்டும் ஆசிரியரிடம் ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். தறியில் நெய்த மாதிரி கையில் வந்ததும், அதையும் வரைபுத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இருவருமாக ஒருமுறை வாருங்கள். கோடைகால இன்டர்ன்ஷிப்பை அச்சு ஆலையில் செய்வதா, கைத்தறிக் கூடத்தில் செய்வதா என்பதை அவற்றைப் பார்த்தபின் முடிவுசெய்யலாம்.