யூதப் பெண்ணிடம் கேளுங்கள்

கொச்சி யூதக் குடும்பத்தில் பிறந்தவள் நான், வேலை கோவையில். "கிறிஸ்தவரா?" என்று தொடங்கி இரவுவரை நீண்ட பேச்சுகள் நிறைய உண்டு. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

சிஸ்டர், இயேசுவே யூதர்தானே? ஏன் அவரை ஏற்கவில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஆமாம், அவர் யூதராகப் பிறந்து யூதராகவே வாழ்ந்தவர். ஆனால் கடவுள் அனுப்பப்போகும் மீட்பரான மேசியாவின் காலத்தில் போர் ஓயும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்று ஏசாயாவில் நீங்களும் படிக்கிறீர்களே, அது இன்னும் நடக்கவில்லை. அதனால் காத்திருக்கிறோம். கடவுள் மனிதராகப் பிறப்பார் என்ற நம்பிக்கையும் எங்களிடம் இல்லை. அப்புறம், ஒரு வேண்டுகோள்: எங்கள் வேதத்தைப் "பழைய" ஏற்பாடு என்னும்போது மனசு கொஞ்சம் சுருங்கும். எங்களுக்கு அது தனாக். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அக்கா, ஹலால் மாதிரி உங்களுக்கும் உண்டாமே? பிரியாணி சாப்பிடுவீர்களா?

உண்டு தம்பி, கோஷர் என்போம். பன்றி உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. எங்களுக்கு இறால், நண்டும் கிடையாது. துடுப்பும் செதிலும் உள்ள மீன் மட்டும்தான். இறைச்சியோடு பால், தயிர், நெய் எதுவும் சேரக்கூடாது. குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று எங்கள் வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவில் 3 இடங்களில் வருகிறது. அதனால் தயிர் விட்ட மட்டன் பிரியாணி எனக்கு ஆகாது. கொச்சியில் எங்களைக் காப்பாற்றியது தேங்காய். பாட்டி கோழிக் குழம்பை இறக்கும் முன் முதல் பாலை ஊற்றுவார். தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது!

நாங்கள் சாமி கும்பிடுவது உங்களுக்குத் தப்பாகப் படுமா?

சிலை வணக்கம் எங்களுக்கு விலக்கு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் யாரையும் யூதராக மாற்றுவது எங்கள் வேலை இல்லை. தானாக மாற வருபவரைக்கூட "நன்றாக யோசியுங்கள்" என்று எங்கள் மதகுருவான ரபி திருப்பி அனுப்பிப் பார்ப்பதுண்டு. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்தார். அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி (வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பொருள்) ஜெப ஆலயமும் கொச்சி ராஜா கொடுத்த நிலத்தில்தான், அரண்மனைக் கோயிலை ஒட்டியே நிற்கிறது. இப்படி வாழ்ந்த வீட்டுப் பிள்ளை நான். உங்கள் சாமியை எப்படி இளப்பமாகப் பேசுவேன்?

சொர்க்கம், நரகம் நம்புகிறீர்களா?

வரப்போகும் உலகம் ஒன்று உண்டு என்கிறோம். ஆனால் வீட்டில் அதைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் அம்மா விளக்கேற்றி, உள்ளங்கைகளால் கண்ணை மூடி முணுமுணுப்பார். நம்பிக்கை என்றதும் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வரும்.

ஷபாத் அன்று உங்கள் வீட்டுக்கு வரலாமா?

தாராளமாக. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை எங்கள் ஓய்வு நாள், அதுதான் ஷபாத். வாசல் நிலையின் வலதுபக்கம் ஒரு சின்னக் கூடு இருக்கும், அது மெசூசா. உள்ளே தோல் சுருளில் "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் வசனம். சனிக்கிழமை இருட்டி 3 நட்சத்திரம் தெரியும்வரை நாங்கள் மின்சாரத்தை இயக்குவதில்லை. அதனால் காலிங் பெல் வேண்டாம், கதவைத் தட்டுங்கள்.