இருபது வயது தாண்டிய குதிரைக்குத் தீனியும் ஒமேகாவும்: கேள்வி பதில்

வயதான குதிரைக்கு என்ன போடுவது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பாகூர் பக்கம் 19 வருடமாகக் குதிரை வைத்திருப்பவன், இப்போது லாயத்தில் நிற்கும் மூத்தவளுக்கு 26 வயது. பெரும்பாலும் அவளிடம் கற்றுக்கொண்டதுதான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: அண்ணா, கடற்கரையில் சவாரி போன குதிரை, 22 வயது, இப்போது ஓய்வு. நன்றாகத் தின்கிறான், ஆனாலும் முதுகெலும்பு தெரிகிறது. ஒமேகா 3 என்ற கொழுப்புச் சத்துப் பவுடர் டின் வாங்கலாமா?

டின் அப்புறம் தம்பி, முதலில் வாயைப் பாருங்கள். அவன் தின்று முடித்ததும் தொட்டியைச் சுற்றித் தரையைக் கவனியுங்கள். வெற்றிலைச் சக்கை மாதிரி, பாதி மென்று உருட்டித் துப்பிய ஈரமான புல் உருண்டைகள் கிடந்தால் அவன் தின்னவில்லை, தின்னப் பார்க்கிறான் என்று அர்த்தம். லத்தியையும் உடைத்துப் பாருங்கள், நீள நீளமாக நாரும் முழுக் கொள்ளும் வந்தால் சந்தேகமே வேண்டாம். குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல், அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்தி மாதிரி கூர்ந்து கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். டாக்டரைக் கூப்பிட்டு ராவி விட வேண்டும். குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

பல் சரியான பிறகு எடை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். இரண்டுமே 150 என்றால் 284 கிலோ. அந்த எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, காய்ந்த கணக்கில், தினமும் புல்லாக உள்ளே போக வேண்டும். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் ஒரு சின்னக் கட்டைப் போட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று நினைக்காதீர்கள். மெல்ல முடியாவிட்டால் குதிரைமசாலைப் பொடியாக நறுக்கி, காய்ந்ததென்றால் ஊறவைத்துக் கூழ் பதத்தில் கொடுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். உங்கள் ஊர் மணல். தரையில் தீனி போடாதீர்கள், மணல் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். ரப்பர் தொட்டியில் போடுங்கள்.

வில்லியனூரிலிருந்து: ஒமேகா 3, ஒமேகா 6 என்கிறார்களே, நம் கடையில் கிடைக்கும் எண்ணெயில் எதில் எது இருக்கிறது?

கடலை எண்ணெயில் ஒமேகா 3 இல்லை என்றே சொல்லலாம். சூரியகாந்தி, சோளம், தவிட்டு எண்ணெய் இவற்றில் ஒமேகா 6 தான் மிகுதி. சோயாவில் கொஞ்சம் உண்டு. நமக்கு எளிதாகக் கிடைப்பதில் ஆளிவிதைதான் கெட்டி: விதையில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெய், அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா 3. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். 300 கிலோ குதிரைக்கு 60 முதல் 100 கிராம் போதும், அன்றன்றைக்கு மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, தீனியில் பிசறி உடனே வைத்துவிடுங்கள். அரைத்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள், ஆளிவிதையில் சயனைடு பிரியக்கூடிய பொருள் இருக்கிறது, அப்படி ஊறும்போதுதான் அது வெளியே வரும். ஒன்று உலர்வாக அரைத்த கையோடு, இல்லையென்றால் நன்றாகக் கொதிக்கவைத்து.

ஆனால் பலர் மறப்பது பச்சைப்புல்லை. புல்லில் கொழுப்பே கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் பெரும்பகுதி ஒமேகா 3, குதிரை நாள் முழுக்க மேய்வதால் அது நல்ல கணக்காகச் சேர்ந்துவிடும். காயவைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது, கூடவே வைட்டமின் ஈ-யும். அதனால் வருடம் முழுக்க வைக்கோலும் காய்ந்த புல்லும் தின்னும் குதிரைக்குத்தான் ஆளிவிதையும், நாளுக்கு 500 யூனிட் அளவில் வைட்டமின் ஈ-யும் அவசியம். ஏரிக்கரை அருகும் கோரையும் மேயும் குதிரைக்கு அவசரமே இல்லை.

எண்ணெயாகவே கொடுப்பதென்றால் ஒரு ஸ்பூனில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, திடீரென்று ஊற்றினால் லத்தி இளகிவிடும்.

கடலூர் முதுநகரிலிருந்து: துறைமுகத்தில் மத்தி மீன் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது. அதில்தான் ஒமேகா 3 அதிகமாமே?

உண்மைதான், மீன் எண்ணெயில் இருக்கும் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா 3 உடம்பு நேரடியாகப் பயன்படுத்தும் வகை. ஆளிவிதையில் இருப்பதைக் குதிரையின் உடம்பு அப்படி மாற்றுவது மிகக் குறைவு. மூட்டு வலி, மூச்சு இரைப்பு உள்ள கிழட்டுக் குதிரைக்கு மீன் எண்ணெய் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் துறைமுகத்தில் மலிவாக விற்கும், படகுக்குப் பூசும் எண்ணெயைக் கொடுக்காதீர்கள். நான் ஒரு முறை அப்படி ஒரு கேன் வாங்கி வந்தேன், மூடியைத் திறந்ததும் பெயின்ட் வாடை. எங்கள் மூத்தவள் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியையே முகத்தால் தள்ளிவிட்டாள், மூன்று நாள் அந்தத் தொட்டியில் எதை வைத்தாலும் வாய் வைக்கவில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் என்பார்கள், அன்றைக்குக் கொள்ளுக்கும் திறக்கவில்லை. கெட்டுப்போன எண்ணெய் நன்மை செய்யாது, உடம்பில் இருக்கும் வைட்டமின் ஈ-யையும் தின்றுவிடும். சுத்திகரித்தது, லேபிளில் இபிஏ, டிஹெச்ஏ எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பது, அதை மட்டும் வாங்குங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ அதிகம், இதற்கு அது வேண்டாம்.

பண்ருட்டியிலிருந்து: பல் இல்லாததால் தவிட்டுக் கஞ்சிதான் அண்ணா தினமும். சீசனில் பலாச்சுளைக் கழிவும் போடுகிறோம்.

தவிட்டை முக்கிய உணவாக்காதீர்கள். அதில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மாதக்கணக்கில் அதையே தின்றால் குதிரை தன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ஈடுகட்டும், முகத்தெலும்பு வீங்கும், நடை தாங்கித் தாங்கி வரும். கோ 4 மாதிரி நேப்பியர் புல் மட்டுமே போடுகிறவர்களும் கவனியுங்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். குதிரைமசாலில் கால்சியம் நிறைய, பாதித் தவிட்டை எடுத்துவிட்டு அதைச் சேருங்கள். கொள்ளை ஊறவைத்து வேகவைத்துக் கொடுங்கள், பச்சையாக வேண்டாம்.

பலாச்சுளை முழுக்கச் சர்க்கரை. குளம்பில் சூடேறிக் குதிரை படுத்துவிடும். நிறுத்திவிடுங்கள்.

திருக்கனூரிலிருந்து: மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் வீட்டில் இருக்கிறது, கலந்து போடலாமா சார்?

கூடவே கூடாது. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனத்திலும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்து கலப்பார்கள். கலக்கும் அளவில் கோழிக்கும் மாட்டுக்கும் அது ஒன்றும் செய்யாது, குதிரைக்கு மிகச் சிறிய அளவே இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். கோழி மூட்டையில் அள்ளிய அதே சொம்பைக் குதிரைத் தீனியில் போடாதீர்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: 20 வயதுப் பெண் குதிரை, சித்திரை வெயிலிலும் முடி உதிராமல் நீளமாகச் சுருண்டு நிற்கிறது, தண்ணீர் நிறையக் குடிக்கிறது. தெம்புக்கு மொலாசஸ் ஊற்றுகிறோம், ஒமேகா கொடுத்தால் முடி சரியாகுமா?

அம்மா, இது தீனிக் குறையாகத் தெரியவில்லை. மூளையடிச் சுரப்பி கெடும் குஷிங் என்ற நோயின் அடையாளம் அப்படியே இருக்கிறது, பெரும்பாலும் 15 வயதுக்கு மேல் வருவது. டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பெர்கோலைடு என்ற மாத்திரை இருக்கிறது. மொலாசஸ், வெல்லம், தானியம் எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள், இந்த நோயில் சர்க்கரை ஏறினால் குளம்பு போய்விடும். காய்ந்த புல்லை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். நெடுநேரம் ஊறினால் நம் வெயிலில் புளித்துவிடும். பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், ஆளிவிதை எவ்வளவு என்று அப்போது பேசுவோம்.

காலாப்பட்டிலிருந்து: ஆளிவிதை தொடங்கி பத்து நாள் ஆகிறது, ஒன்றும் தெரியவில்லையே?

பத்து நாளில் தெரியாது. மேல்முடியில் பளபளப்பு வர ஆறு, எட்டு வாரம் ஆகும், நடையில் ஏதாவது மாற்றம் இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை 15 நாளுக்கு ஒரு முறை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள், நாளுக்கு 20, 25 கிராம் கல்லுப்பும், நிழலில் எப்போதும் தண்ணீரும் இருக்கட்டும்.