பார்பிக்யூ புகைக்கான விறகைக் கடலூர் மாதிரி கடலோர ஊரில் எப்படிக் காய வைத்துப் பாதுகாப்பது?

கொல்லையில் வெட்டிய கொய்யாக் கிளைகளைத் தார்ப்பாயால் இறுக்க மூடி வைத்திருந்தேன், பூஞ்சை பிடித்துவிட்டது, அதில் புகை போட்ட கோழியும் கசக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக அந்தத் தார்ப்பாயை எடுங்கள். விறகைக் காய வைப்பதில் வெயிலை விடக் காற்றுக்குத்தான் பெரிய பங்கு. இறுக்க மூடினால் கட்டையிலிருந்து வெளியேறும் ஈரம் போக வழியில்லாமல் திரும்பக் கட்டையிலேயே படியும்.

கசப்புக்கும் அந்த ஈரம்தான் காரணம். பச்சை விறகை வைத்தால் நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போய்விடும். மரம் சரியாக எரியாது, வெள்ளையாக அடர்ந்த புகை கக்கும், அதிலிருக்கும் தார் மாதிரியான கீல் இறைச்சி மேல் படியும். நன்றாகக் காய்ந்த கட்டையின் புகை மெல்லிசாக, லேசாக நீலம் கலந்து போகும். மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் நல்ல சூட்டில் உடையும்போது குவையகால், சிரிங்கால் என்ற பொருட்கள் வருகின்றன. நாம் புகை வாசம் என்று ரசிப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

கடலோரக் காற்றில் விறகே காயாது என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புகைக்கு விறகில் 15 முதல் 20 சதவீதம் ஈரம் இருந்தால் போதும். காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கும் நாட்களில்கூடக் கட்டை மெல்ல மெல்ல 13 முதல் 16 சதவீதத்துக்கு வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே போனால் சரசரவென்று எரிந்து தீருமே தவிர, நிதானமாகப் புகையாது. நமக்குச் சிக்கல் ஐப்பசி, கார்த்திகை மழை மட்டும்தான். ஆகவே தை, மாசியில் வெட்டிப் பிளந்துவிடுங்கள். கத்திரி வெயிலும் தேவனாம்பட்டினம் பக்கம் மதியம் எழும்பும் கடல்காற்றும் சேர்ந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கை மொத்தக் கொய்யாவோ மாவோ பிளந்து வைத்தால் மூன்று நான்கு மாதம். புளி, கருவேலம் மாதிரி வைரம் பாய்ந்த கட்டைக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

பிளப்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். முழு உருளையாக வைத்தால் வெட்டுமுகம் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். ஒரு முழ நீளத்துக்கு அறுத்து, மணிக்கட்டு மொத்தத்துக்குப் பிளந்து, செங்கல் மேல் இரண்டு சவுக்குக் கழி போட்டுத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அடுக்குங்கள். சுவரோடு ஒட்ட வேண்டாம், ஒரு சாண் விடுங்கள். கறையான் மண்பாதை கட்டி ஏறினாலும் அப்போதுதான் கண்ணில் படும். மேலே மட்டும் ஒரு ஷீட் அல்லது கீற்று, நான்கு பக்கமும் திறப்பு. அவ்வளவுதான் கொட்டகை.

காய்ந்ததா என்று பார்க்க நான் நம்புவது தராசைத்தான். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, எடையைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். மரத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு எடைகூட இறங்கும். இறங்குவது நின்றுவிட்டால் கட்டை தயார். அந்த நேரத்தில் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும், பட்டை நகத்துக்கே கழன்று வரும், இரண்டு கட்டையைத் தட்டினால் 'தொப்' என்று இல்லாமல் 'டங்' என்று கேட்கும்.

அடுக்குக்குக் கீழே மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் வண்டு துளைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டைகளைத் தனியே எடுத்து முதலில் எரித்துத் தீர்த்துவிடுங்கள். பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் எதையும் சாப்பாட்டு விறகு பக்கம் கொண்டு போகவே கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், எம்பி (MB) முத்திரை குத்திய சரக்குப் பலகை எல்லாம் அப்படித்தான். எம்பி என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. அரளிக் குச்சி விஷம். பண்ருட்டி பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று முந்திரி ஓட்டைப் போட்டுவிடாதீர்கள், அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

மரத் தேர்வில் உங்களுக்குக் குறையே இல்லை. ஹவாய் தீவுகளில் கொய்யா விறகைத் தேடிப் போய்ப் புகைக்குப் பயன்படுத்துகிறார்கள். மா இன்னும் சாது, மீனுக்கு நல்லது. சீமைக்கருவேலம் டெக்சாஸ்காரர்களின் மெஸ்கீட் மரத்துக்கு நெருங்கிய சொந்தம், வாசம் தூக்கலாக இருக்கும், ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம்.

புரட்டாசி முடிவதற்குள் காய்ந்ததை எல்லாம் மாடிப்படிக்குக் கீழேயோ பரணிலோ ஏற்றிவிடுங்கள். சணல் சாக்கு போதும், பிளாஸ்டிக் மூட்டை வேண்டாம். தண்ணீரில் ஊற வைத்துப் போடும் பழக்கமும் வேண்டாம். ஊறுவது மேல்தோல் மட்டும்தான், முதலில் வருவதும் வெறும் ஆவிதான்.

இப்போதுள்ள பூஞ்சைக் கட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ நொறுங்கினாலோ சமையலுக்கு ஆகாது. கெட்டியாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளந்து, திரும்ப அடுக்குங்கள். அதுவரை அடுப்புக்கரியில் சமைத்து, விறகுத்தொட்டியில் காய்ந்த மாங்கட்டை இரண்டு வாங்கிப் புகைக்குப் போடுங்கள்.