மருமகன் படிக்கப் போனால் மகள் என்ன செய்வாள்?

அம்மா,

மருமகனை எம்பிஏ படிக்க வெளிநாடு அனுப்பலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டுச் சனிக்கிழமை நீங்கள் மேசையில் விரித்த கல்லூரிக் கையேட்டை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நைட் டூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். எம்பிஏ பற்றி நாம் பேசியபோதெல்லாம் அவளுக்குக் கண் சொக்கியது. "நேத்து ஐசியு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டதும் நிமிர்ந்துவிட்டாள். ஆறு நாளாக வென்டிலேட்டரில் இருந்தவருக்குக் குழாயை எடுத்ததையும், அவர் முதலில் மனைவியைத் தேடியதையும் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

அன்று "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவைத்தேன். அது போதாது. இந்தத் திட்டம் வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மருமகன் பிரிட்டனில் ஓராண்டு எம்பிஏ, மகள் டிபென்டென்டாக, அதாவது அவர் விசாவைச் சார்ந்த துணையாக, கூடவே போய் அங்கேயே நர்ஸ் வேலை தேடுவாள் என்றீர்கள். 2024 ஜனவரி முதல் தொடங்கும் இப்படிப்பட்ட முதுகலைப் படிப்புக்குச் சொந்தச் செலவில் போகிறவர் மனைவியை டிபென்டென்டாக அழைத்துப்போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்குத்தான் அந்த வசதி. அமெரிக்காவில் மாணவரின் மனைவி கூடப் போகலாம், ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. கனடாவும் 2025 ஜனவரியில் கதவைப் பாதி சாத்திவிட்டது. பொதுவாகப் பதினாறு மாதமாவது நீளும் முதுகலை என்றால்தான் துணைக்கு வேலை அனுமதி. உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதெல்லாம் இந்த விதிகள் வருவதற்கு முன்னால் போனவர்களின் கதை.

தம்பதியாகப் போகிறவர்கள் முதல் ஆளின் சம்பளத்தைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இரண்டாவது ஆள் அங்கே என்ன செய்ய அனுமதி உண்டு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் வரிசையையே மாற்றிப் போடலாம். மகள் முன்னால் போகட்டும், மருமகன் பின்னால் வரட்டும்.

நான் சொல்வது ஜெர்மனி. அங்கே நர்ஸ் பற்றாக்குறை நிரந்தரம் போல ஆகிவிட்டது. மகளின் பட்டத்தை அந்தந்த மாநில அதிகாரிகள் பாடவாரியாக ஒப்பிட்டுப் பார்த்து, எதில் குறை இருக்கிறது என்று எழுத்தில் தருவார்கள். அந்தக் குறையை மருத்துவமனைப் பயிற்சியாலோ, வாய்மொழியும் செய்முறையும் கொண்ட ஒரு தேர்வாலோ நிரப்பலாம். அதுவரை உதவியாளராகச் சம்பளத்தோடு வேலை செய்யலாம். 2025 ஜூலையில் அங்கே பராமரிப்புத் துறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, முழு நர்ஸுக்கு 20.50 யூரோவாக இருந்தது. அங்கீகாரம் கிடைத்து மூன்று ஆண்டு வேலை பார்த்து, ஓய்வூதியப் பங்களிப்பும் மொழியும் சரியாக இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

அவளுடைய சம்பளம் இருவருக்குப் போதுமானதாக இருந்தால் மருமகன் குடும்ப விசாவில் சேரலாம். பெரும்பாலும் அவரும் ஏ1 என்ற தொடக்க நிலை அளவுக்கு ஜெர்மன் தேறியிருக்க வேண்டும். வந்து சேர்ந்தபின் எந்த வேலையும் செய்யலாம், தனி அனுமதி தேவையில்லை. அவர் தன் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையையே அங்கும் தேடலாம். எம்பிஏ அவருடைய ஆசையா, பெரியப்பாவின் ஆசையா என்று கேட்டதற்கு அவர் தரையைப் பார்த்தார், நினைவிருக்கிறதா?

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு பி2 வரை, அதாவது தடுமாறாமல் பேசும் அளவுக்கு, ஜெர்மன் வேண்டும், அதற்கு ஒரு வருடமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் நர்ஸின் வேலை. ரத்தம் எடுப்பதைப் பல இடங்களில் டாக்டர்கள் வைத்துக்கொள்கிறார்கள். ஐசியுவில் நான்கு வருடம் நின்றவளுக்கு இது முதலில் உறுத்தும். மருமகனுக்கு வேறு மாதிரி. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், அவள் பிற்பகல் ஷிப்டில் இருப்பாள், அவர் வேலை தேடிக்கொண்டு தனியாக வீட்டில் இருப்பார். இப்படிப் போன ஒரு தம்பதியின் சமையலறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஷிப்ட் அட்டவணை. இருவரும் சேர்ந்து சாப்பிடக்கூடிய நாட்களுக்கு மஞ்சள் வட்டம். அந்த மாதத்தில் ஏழு வட்டங்கள். அந்த ஏழு நாளையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கீழே எழுதியிருந்தாள் அந்தப் பெண். தெரியாத மொழியில் இருவரும் ஒன்றாகத் தடுமாறியதில்தான் நெருங்கிப் போனோம் என்றும் எழுதியிருந்தாள்.

பணத்தில் மட்டும் நான் இளக மாட்டேன். எம்பிஏவுக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதீர்கள். ஜெர்மனிக்கு அனுப்ப லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடமும் போகாதீர்கள். நர்ஸ்களை நியாயமாக வேலைக்கு எடுப்பவர்களுக்கு ஜெர்மன் அரசே ஒரு தர முத்திரை தருகிறது. அதன்படி ஆள் பிடித்துத் தரும் செலவு முதலாளியுடையது. பாதியில் விலகினால் பெரும் தொகை கட்ட வேண்டும் என்று எழுதிய ஒப்பந்தத்தில் மகள் கையெழுத்துப் போடக் கூடாது.

"மனைவி விசாவில் புருஷன் போவதா?" என்று பெரியப்பா கேட்டதாகச் சொன்னீர்கள். அதற்கு உங்கள் மருமகன்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்களோ நானோ இல்லை. அவரைத் தனியாக என்னிடம் ஒருநாள் அனுப்புங்கள்.

அப்புறம், அடுத்த முறை அந்தக் கையேடு வேண்டாம். தியரி எத்தனை மணி, வார்டு பயிற்சி எத்தனை மணி என்று பாடவாரியாகக் காட்டும் டிரான்ஸ்கிரிப்டையும், நர்சிங் கவுன்சில் பதிவையும், வேலை அனுபவச் சான்றையும் எடுத்து வாருங்கள். மகளுக்கு முந்தைய இரவு டூட்டி இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்.