பெண் குழந்தைக்கு ‘நோவா’ என்று பெயரிடலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் பேத்திக்கு ‘நோவா’ என்று பெயரிட மகனும் மருமகளும் விரும்புகின்றனர். பேழை கட்டிய ஆணின் பெயரைப் பெண்ணுக்கு வைக்கலாமா என்று சபையில் பேசுகிறார்கள். நியூமராலஜி பார்ப்பவரோ, ஆங்கிலத்தில் Noa என்பதன் கடைசியில் ஒரு ஹெச் சேர்த்து Noah என்று எழுதினால்தான் எண் பொருந்தும் என்கிறார். பிறப்புப் பதிவில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. என்ன செய்வது?”

தாராளமாக வையுங்கள், அந்த ஹெச்சை மட்டும் சேர்க்காதீர்கள்.

தமிழில் ஒன்றாகக் கேட்டாலும், வேதாகமத்தின் மூலமொழியான எபிரேயத்தில் பேழை கட்டியவரின் பெயரும் இந்தப் பெண் பெயரும் வெவ்வேறு வேரிலிருந்து வந்த இரண்டு பெயர்கள். பேழை கட்டியவரின் பெயர், தொண்டையின் அடியிலிருந்து எழும் ‘ஹேத்’ என்ற எழுத்தில் முடிவது. இளைப்பாறுதல் என்பது அதன் பொருள். ஆதியாகமம் 5:29 அதை ஆறுதலோடு இணைத்துப் பேசுவதால் பெயர்ப் புத்தகங்கள் இரு பொருளையும் தருகின்றன. இஸ்லாமியர் நூஹ் என்பது இவரைத்தான். பெண் பெயரிலோ நடுவில் ‘அயின்’ என்ற எழுத்து நிற்கிறது. அதன் பொருள் அசைவு, இயக்கம். இணையத்தில் பெயர்ப்பொருள் எழுதுவோர் பலர் இரண்டையும் ஒரே பானையில் கொட்டி, ‘அமைதி, ஆறுதல், அசைவு’ என்று வரிசையாகப் போட்டுவிடுகின்றனர்.

சபையில் கேட்பவர்களுக்கு வேதாகமத்தில் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த செலொப்பியாத்து, ஆண் வாரிசு இல்லாமல் வனாந்தரத்தில் இறந்துபோகிறான். அவனுடைய ஐந்து மகள்கள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக வந்து நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்கின்றனர். அவர்கள் கேட்பது நியாயம் என்று தீர்ப்பும் வருகிறது. மகன் இல்லாதவனின் சொத்து மகளுக்குச் சேரும் என்ற விதி அங்கேதான் பிறக்கிறது. அந்த ஐவரில் ஒருத்தியின் பெயர்தான் இது. பண்டைய இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவில் 1910இல் கிடைத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எழுத்துப் பொறித்த பானை ஓடுகளில், திராட்சரசமும் எண்ணெயும் வந்துசேர்ந்த கணக்குகளுக்கு நடுவே, இவள் பெயரும் இவளுடைய சகோதரி ஒருத்தியின் பெயரும் வட்டாரப் பெயர்களாக வருகின்றன. நம் பழைய வேதாகமம் இவளை ‘நோவாள்’ என்று எழுதுகிறது. பிறப்புச் சான்றிதழில் அந்த வடிவத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். தமிழ்க் காதுக்கு அது வேறு பொருள் தந்துவிடும்.

இஸ்ரேலில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆண்டுகள் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் இதுவே. ஹெச் சேர்ந்த ஆண் பெயரோ அமெரிக்காவில் 2013 முதல் 2016 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அதாவது, எண் பொருந்துவதற்காக ஒரு ஹெச் சேர்த்தால், ஆங்கிலம் எழுதும் உலகம் உங்கள் பேத்தியை ஆண் பிள்ளை என்றே எண்ணும். எபிரேய எழுத்தே தெரியாத ஒருவர், எபிரேயப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பலன் சொல்லிப் பணம் வாங்குவதை என்னவென்று சொல்வது!

ஒரு விலக்கு உண்டு. பிரான்ஸில் உறவினர் உள்ள குடும்பங்கள் பெருகிவிட்டதால் அதை விரித்தே சொல்கிறேன். பிரெஞ்சில் ஹெச் ஒலிப்பதில்லை. ஆகவே அங்கே ஹெச் இல்லாத வடிவத்தையே ஆண் பிள்ளைகளுக்கும் வைக்கின்றனர். அதே பெயரில் பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் பெயரை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அதற்காக ஹெச் சேர்த்தால் குழப்பம் தீராது, ஆண் பெயர் என்பது உறுதியாகிவிடும். அந்நாட்டில் வளரப்போகும் குழந்தையானால், அன்னா, எஸ்தர் போன்ற ஐயத்துக்கு இடமில்லாத பெண் பெயரை இரண்டாவதாகச் சேர்ப்பதே வழி. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைப் பதிவது வழக்கந்தான். எல்லை தாண்டி ஸ்பெயினுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இது பெண் பெயர்.

இனிப் பதிவு. பிறப்பைப் பதிந்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆகவே, ‘இன்றே போடாவிட்டால் பெயர் ஏறாது’ என்று அலுவலக வாசலில் அவசரப்படுத்தும் தரகரை நம்பாதீர்கள். ஒருமுறை ஏறிய எழுத்தைப் பின்னர் மாற்றுவதுதான் பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம் என்று ஆக்கிவிட்டு, அதிலுள்ள பெயரைப் பெற்றோரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டக்கூட மேசைக்கு அந்தப்புறம் இருப்பவருக்கு நேரமில்லை. எனவே ஆங்கில எழுத்துகளைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்; அச்சாகும் முன் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

எபிரேய எழுத்தில் பெயர் பொறித்த பதக்கமோ சட்டமிட்ட படமோ வாங்க எண்ணினால் இன்னும் கவனம் தேவை. அந்த எழுத்து வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது. விற்பவர்களில் பலர் அதை இடமிருந்து வலமாக அடுக்கி அச்சிட்டு விடுகின்றனர். பெண் பெயருக்கு வேதாகம வழக்கில் நூன், அயின், ஹே என்று மூன்று எழுத்துகள், இன்றைய இஸ்ரேலியர் நூனுக்கு அடுத்து ‘வாவ்’ சேர்த்து நான்காக எழுதுகின்றனர், இரண்டும் சரியே. இரண்டே எழுத்துகள் இருந்தால் அது பேழை கட்டியவரின் பெயர். கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.