நீங்கள் தாண்டிப்போன அத்தியாயம்

வணக்கம் சார். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 2005 படத்தை நாலைந்து தடவை பார்த்துவிட்டு இப்போதுதான் ஜேன் ஆஸ்டினின் நாவலைப் படித்தேன். 1813இல் வந்த கதையை இன்னும் ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்? கடைசியில் பணக்கார மாப்பிள்ளை கிடைப்பதுதானே கதை? டார்சியின் கடிதம் படத்திலேயே வந்துவிட்டதால் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டேன். எந்தப் படமாக்கம் சிறந்தது என்றும் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

படம் பார்த்தவர்களில் நாவலைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. நீங்கள் போனதில் மனம் நிறைந்தது. ஆனால் கடிதத்தைத் தாண்டிவிட்டேன் என்று இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்களே! சில நாட்களாக நான் அந்தப் பக்கங்களில்தான் கிடக்கிறேன். அதனால்தான் உடனே பதில்.

எந்தப் படமாக்கம் சிறந்தது என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். 1995 பிபிசி தொடரோ 2005 படமோ, பிடித்ததைப் பாருங்கள். மாப்பிள்ளை விஷயமும் அப்படித்தான். பணம்தான் குறி என்றால், ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம் உள்ள டார்சி முதல் முறை தன்னை மணக்கக் கேட்டபோதே கதாநாயகி எலிசபெத் சரி சொல்லியிருப்பாள். நாவல் பாதியிலேயே முடிந்திருக்கும்.

அவள் மறுத்ததற்கு மறுநாள் காலை டார்சி கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். 35ஆவது அத்தியாயம் அந்தக் கடிதம். 36ஆவது அத்தியாயத்தில் எலிசபெத் அதைப் படிக்கிறாள், அவ்வளவுதான். உலகமே கொண்டாடும் காதல் கதையின் உச்சத்தில் காதலனே பக்கத்தில் இல்லை என்பதை யோசித்தீர்களா?

அவள் எப்படிப் படிக்கிறாள் என்று பாருங்கள். முதலில் கோபம். டார்சி தனக்குத் துரோகம் செய்தான் என்று சொல்லி அவளை நம்பவைத்திருந்த விக்காமைப் பற்றிய பகுதி வந்ததும், இது பொய், பச்சைப் பொய் என்கிறாள். இனி தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம் தாங்கவில்லை, மறுபடி பிரிக்கிறாள். இந்த முறை தன்னை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திப் படிக்கிறாள். அப்போதுதான் பழையதெல்லாம் வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது. முன்பின் தெரியாத தன்னிடம் விக்காம் ஏன் சொந்தக் கதை முழுவதையும் கொட்டினான்? டார்சியைக் கண்டு ஒதுங்கமாட்டேன் என்று வீறாப்புப் பேசியவன், அடுத்த வாரமே நெதர்ஃபீல்ட் நடன விருந்துக்கு ஏன் வரவில்லை? டார்சி அங்கே இருந்தவரை விக்காம் அவளிடம் மட்டும் சொன்ன கதை, டார்சி கிளம்பியதும் எப்படி ஊர் முழுக்கப் பரவியது? இரண்டு மணி நேரம் அந்தப் பாதையிலேயே நடக்கிறாள். இதுவரை என்னையே நான் அறிந்திருக்கவில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்கிறாள்.

இதை எனக்குக் காட்டியது என் அக்கா. விக்காம் தன் கதையைச் சொல்லும் 16ஆவது அத்தியாயத்தில் ஒரு விரல், 36இல் ஒரு விரல் என்று வைத்துக்கொண்டு மாறி மாறிப் புரட்டினாள். "பாருடா, எல்லாம் இங்கேயே இருக்கு. நாமளும்தானே படிச்சோம், நாமளும்தானே அவனை நம்பினோம்" என்றாள். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன் என்று பெருமை பேசுகிறவள் அவள். அன்று சாயங்காலம் முழுக்க யாரிடமும் பேசவில்லை. ஜேன் ஆஸ்டின் எதையும் ஒளிக்கவில்லை. அழகான முகமும் இனிக்கும் பேச்சும் கண்ணை மறைத்துவிட்டன, எலிசபெத்துக்கும் சரி, நமக்கும் சரி.

இதை எப்படிப் படம் பிடிப்பது? படிக்கிற முகத்தை எவ்வளவு நேரம் காட்ட முடியும்? 1995 தொடரில் டார்சி இரவில் உட்கார்ந்து எழுதுவதைக் காட்டினார்கள். நீங்கள் பார்த்த படத்தில் அவன் குரல் ஒலிக்கிறது. அவன் நல்லவன் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது விட்டுப்போகிறது. நாவலை நேசித்து எடுக்க வருகிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் எதையோ தவறவிடுகிறார்கள், அடுத்தவர் வந்து மறுபடி முயல்கிறார். ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று கேட்டீர்களே, என் கணிப்பு இதுதான்.

நீங்களோ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, எந்தப் படத்தாலும் தரமுடியாத அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளியிருக்கிறீர்கள்! உங்கள் பதிப்பு மூன்று பாகமாக இருந்தால் அந்த 36, இரண்டாம் பாகத்தின் 13ஆவது அத்தியாயம். முதலில் 16ஐ இன்னொரு முறை படியுங்கள், அப்புறம் கடிதம், அப்புறம் 36. விக்காமை நீங்கள் எந்த வரியில் நம்பத் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.