பாதியில் எழுந்து போகிறவர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ரக்பி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் எட்டு நண்பர்கள் பிரெஞ்சு கிளப்புகளின் டாப் 14 லீக்கை வைத்து, முறை வைத்து ஒவ்வொருவராக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையில் ஃபேன்டஸி ரக்பி (நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி போட்டு, நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்குப் புள்ளி எண்ணுவது) ஆடுகிறோம். ஆளுக்கு 20 வீரர்கள். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. வாரம் ஒருவரோடு மோதல். எனக்கு மூன்று கேள்விகள். தேர்வு வரிசையில் எந்த இடம் நல்லது? முதலில் ஃபிளை ஹாஃபை (ஆட்டத்தை நடத்தும் பத்தாம் எண்காரர்) எடுப்பதா, விங்கரையா (ஓரத்தில் ஓடுபவர்)? வீரர்களை மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் கேட்டால் நம்பலாமா?

2024–25 பருவத்தில் முதல் ஆளாகத் துலூஸ் கிளப்பின் நட்சத்திரம் அந்த்வான் துபோனை எடுத்தேன். மார்ச்சில் அவருக்கு முழங்கால் போயிற்று. அதற்கு மேல் மனமில்லை, அணியைப் பார்க்கவே இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். இந்த முறையாவது ஜெயிக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு வழக்கமாகத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன். உங்கள் கடிதத்தில் ‘அப்படியே விட்டுவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குழுவிலும் ஒருவர் இதையே செய்தார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்தப் பதில்.

கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த இடம் நல்லது என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகத் திரும்புவதால் எட்டாவது இடத்துக்காரர் எட்டையும் ஒன்பதையும் சேர்த்து எடுக்கிறார். முதல் இடத்துக்காரர் ஒன்றை எடுத்துவிட்டுப் பதினாறு வரை காத்திருக்கிறார். இரண்டு கோடிகளில் இருப்பவர்களும் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: மறுபடி உங்கள் முறை வருவதற்குள் மற்றவர்கள் 14 பேரை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே ஓர் இடத்துக்கு ஆள் தீர்ந்துவிடும் போலிருந்தால், தீர்ந்த பிறகு பதறாமல் முன்கூட்டியே நீங்களே தொடங்கிவையுங்கள்.

ஃபிளை ஹாஃபா, விங்கரா? முதலில் உங்கள் குழுவின் புள்ளி விதியைப் படியுங்கள். முக்கால்வாசிப் பேர் படிப்பதில்லை. ஒரு டேக்கிளுக்கு (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) ஒரு புள்ளி என்றால், வாரம் தவறாமல் பதினைந்து டேக்கிள் போடுகிற, முகம்கூட நினைவில் நிற்காத ஃபிளாங்கர் (முன்களக்காரர்களில் ஒருவர்) உங்களுக்குச் சோறு போடுவார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) அடிக்கிற விங்கரை நம்பினால் நடுவில் பட்டினிதான். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பதற்குப் புள்ளி உண்டு என்றால், எல்லோரும் ஃபிளை ஹாஃப் மேல் பாய்வார்கள். பாயட்டும். பெரும்பாலான அணிகளில் உதைப்பவர் அவர்தான், எனவே முதலாமவருக்கும் எட்டாமவருக்கும் நடுவே இடைவெளி குறைவு. துலூஸின் தோமா ராமோஸ் மாதிரி, ஃபுல்பேக்காக (எல்லோருக்கும் பின்னால் நின்று காப்பவர்) ஆடிக்கொண்டே கோல் உதைக்கிறவர்தான் அரிய சரக்கு. 2025இல் ஃப்ரெடெரிக் மிஷலாக்கைத் தாண்டி பிரான்ஸ் அணிக்காக அதிகப் புள்ளி குவித்தவரானவர் அவர். மற்றவர்களின் ஃபுல்பேக் ஓடிப் பிடித்துக் கொடுப்பதோடு நிற்க, உங்களுடையவர் அதன்மேல் உதைப்புள்ளிகளையும் கொண்டுவருவார்.

ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. யாரும் கேட்பதில்லை. எதிரணியின் ட்ரை கோட்டருகே லைன்அவுட் (பக்கக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிவது) கிடைத்து, மால் கட்டி (பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கும்பலாகப் பிணைந்து) தள்ளிக்கொண்டு போகிறார்களே, அப்போது வால்பகுதியில் பந்தை இடுக்கிக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் ஹூக்கர்தான். கோட்டைத் தாண்டி விழுந்தால் ட்ரை அவர் பெயருக்கு. ஐரோப்பாவின் ஆறு தேசிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் போட்டியின் 2025 கடைசிச் சுற்றில் அயர்லாந்து இத்தாலியை 22–17 என்று வென்றபோது ஹூக்கர் டான் ஷீஹன் மூன்று ட்ரை அடித்தார். அந்த அயர்லாந்து அணியின் விங்கர்களை எடுத்து வைத்திருந்தவர்கள் அன்று என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மால் பலமுள்ள கிளப்பின் முதல் ஹூக்கரை மூன்றாம் சுற்றுக்குள் எடுங்கள். ஆனால் டாப் 14இல் சுழற்சி அதிகம், முன்வரிசைக்காரர்களைப் பாதி ஆட்டத்துக்குப் பிறகு வெளியே எடுத்துவிடுவார்கள். அதனால் அதே கிளப்பின் இரண்டாம் ஹூக்கரையும் கடைசிச் சுற்றுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றிக்கொள்வது பற்றி: நண்பர் தானே வந்து அவசரமாகக் கேட்டால் வேண்டாம். அவ்வளவுதான்.

இனி துபோன். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர், மறுப்பில்லை. நீங்கள் ஆடுவது டாப் 14. அது 26 சுற்று. நவம்பரிலும், பிப்ரவரி–மார்ச்சிலும் பிரான்ஸ் அணி அவரை அழைத்துக்கொள்ளும். அந்த வாரங்களிலும் சில சுற்றுகள் நடக்கும், அவை உங்களுக்குப் பூஜ்யம். திரும்பி வந்ததும் ஓய்வு கொடுப்பார்கள். 2025 மார்ச் 8 அன்று டப்ளினில் அவர் முழங்கால் தசைநார் அறுந்தது உண்மை. ஆனால் அந்த முழங்கால் நன்றாக இருந்திருந்தாலும் அந்த மாதத்தில் அவர் உங்களுக்கு ஒன்றும் பெரிதாகக் கொடுத்திருக்கப்போவதில்லை. நீங்கள் எடுக்க வேண்டியது புகழை விட்டுவிட்டு வாரங்களை எண்ணி. தேசிய அணியிலிருந்து விலகியவர், தேர்வாளர்கள் கண்ணில் இன்னும் படாதவர், இப்படிப்பட்டவர்கள்தான் குளிர்காலம் முழுக்க உங்களுக்காக உழைப்பார்கள்.

இதெல்லாம் தெரியாமல் எடுத்ததில் குற்றமில்லை. பிறகு செய்தீர்களே, அதுதான் குற்றம்.

துலூஸ் என்ன செய்தது என்று கவனித்தீர்களா? அவர்களுக்கும் அதே துபோன்தான் இல்லை. 2025 ஜூன் இறுதியாட்டத்தில் போர்தோவைக் கூடுதல் நேரத்தில் 39–33 என்று வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். முழங்கால் போன மனிதரின் கிளப்பே ஆடி முடித்தது. நீங்கள் மட்டும் துக்கம் அனுசரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

‘என் அணி, நான் விட்டேன், யாருக்கு என்ன நஷ்டம்?’ என்பீர்கள். எங்கள் ஆளும் அதையேதான் சொன்னார். கொடுத்த தொகைக்குள் யாரையும் வாங்கிக்கொள்ளும் பட்ஜெட் முறை ஃபேன்டஸியாக இருந்தால் ஒப்புக்கொள்வேன். அங்கே ஒரே வீரரை ஆயிரம் பேர் வைத்திருக்கலாம், ஒருவர் தூங்கினால் மற்றவருக்கு ஒன்றுமில்லை. டிராஃப்டில் உங்கள் 20 பேரும் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறார்கள். நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த 20 பேரும் உள்ளே கிடக்கிறார்கள். ஏப்ரலில் ஹூக்கர் அடிபட்டுத் தவிக்கிற நண்பர், உங்கள் பெஞ்சில் சும்மா கிடக்கும் ஹூக்கரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேட்டு வாங்கலாம் என்றால் நீங்கள் பதில் போடுவதில்லை.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. செப்டம்பரில் உங்கள் முழு அணியோடு மோதி ஒருவர் தோற்றிருப்பார். மே மாதத்தில் ஆளில்லாத உங்கள் அணியோடு மோதி இன்னொருவர் வேர்வை சிந்தாமல் ஜெயித்திருப்பார். கடைசியில் பட்டம் யாருக்கு என்பதை முடிவு செய்தது அவர்களின் ஆட்டம் இல்லை, நீங்கள் எந்த வாரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்பது. சிறு வயதில் அழுகுணி ஆட்டம் என்போமே, அவுட் ஆனதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது, அது இதுதான். வயது கூடியதால் சத்தம் போடாமல் செய்கிறோம்.

உங்களைத் திட்டிவிட்டு ஒரு தோழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022இல் நாங்கள் சில பேர் ஆறு நாடுகள் போட்டியை வைத்து ஆடினோம். ஐந்தே சுற்று. இத்தாலிக்காரர்களை யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கப்போகிறோம்? 2015 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தை வென்ற பிறகு அந்தப் போட்டியில் அவர்கள் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஜார்ஜியாவைச் சேர்க்கலாம் என்று பேச்சுகூட எழுந்தது. எங்கள் குழுவில் கடைசி இடத்தில் இருந்தவர் இந்தத் தோழி. வேலை, வீடு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் நடுவே, அணிப் பட்டியல்கள் வெளியானதும் ஒவ்வொன்றாகப் பார்த்து யார் தொடக்கத்தில் ஆடுகிறார், யார் பெஞ்ச் என்று சரிபார்த்து அணி போடுவார். நாங்கள் கேலி செய்வோம். ‘தோற்கிறதுக்கு இவ்வளவு பாடா?’ பதிலே சொல்ல மாட்டார்.

நாலாம் சுற்றில் ஆன்ஜே கப்புவோட்சோ என்ற ஒல்லிப் பையன் இத்தாலிக்காக முதல்முறையாக இறங்கினார். ஸ்காட்லாந்துக்கு எதிராக பெஞ்சிலிருந்து வந்து இரண்டு ட்ரை. உரிமையாளர் இல்லாத வீரர்களை எடுக்கும்போது கடைசி இடத்துக்காரருக்கே முதல் உரிமை என்பது எங்கள் விதி. நாங்கள் அந்தப் பெயரை உச்சரிக்கப் பழகுவதற்குள் தோழி எடுத்துவிட்டார். அடுத்த வாரம், மார்ச் 19, கார்டிஃப். வேல்ஸ் 21–15 என்று முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கப்புவோட்சோ தன் பாதியிலிருந்து பந்தோடு கிளம்பி ஒவ்வொருவராக ஏய்த்து ஓடி, உள்ளே வந்த எதோவார்தோ பதோவானிக்குக் கொடுத்தார். கம்பங்களுக்கு நடுவே ட்ரை. பாவ்லோ கர்பீசியின் கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் வரும் இரண்டு புள்ளி உதை). 22–21. தொடர்ந்து 36 தோல்விகளுக்குப் பிறகு வந்த வெற்றி. ஆட்ட நாயகன் விருது வாங்கிய வேல்ஸின் ஜோஷ் ஆடம்ஸ் அந்தப் பதக்கத்தை கப்புவோட்சோவிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்ற மனிதர் செய்த காரியம் அது.

அந்த வாரம் எங்கள் தோழி மோதியது முதலிடத்தில் இருந்தவரோடு. ஜெயித்துவிட்டார். அவர் இடம் மாறவில்லை, கடைசிதான். ஆனால் பட்டம் கைமாறிவிட்டது. அவர் ஒரு வாரம் அணி போடாமல் விட்டிருந்தால் எங்களுக்கு வேறொரு சாம்பியன் இருந்திருப்பார், அது பொய்ச் சாம்பியன். அந்தக் குழு இன்றைக்கும் ஆடிக்கொண்டிருப்பதற்கு அவர்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஜெயித்தவர் யார் என்று கேட்டால் எங்களில் பாதிப் பேருக்கு நினைவில்லை.

ரக்பிக்கு இது தெரியும். டாப் 14 விதியையே பாருங்கள்: ஐந்து புள்ளிக்குள் தோற்றால் தோற்ற அணிக்கும் அட்டவணையில் ஒரு புள்ளி. எல்லாம் முடிந்துவிட்ட ஆட்டத்தில் 78ஆம் நிமிடம் மூச்சு வாங்க ஒரு பெனால்டி உதைக்கிறார்களே, அதற்காகத்தான். இத்தனை அழகான விதி உள்ள விளையாட்டை எடுத்துவைத்துக்கொண்டு, நம் ஃபேன்டஸி குழுக்களில் வெற்றி, தோல்வி என்று இரண்டே கட்டம் போட்டுவிடுகிறோம். பிறகு தோற்கிறவன் ஓடுகிறான் என்று புலம்புகிறோம்.

ஆகவே உங்கள் குழுவுக்கு மூன்று விதிகள். குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் அட்டவணையில் ஒரு புள்ளி. எவ்வளவு வித்தியாசம் என்பதை உங்கள் புள்ளிக்கணக்கைப் பார்த்து வையுங்கள். உரிமையாளர் இல்லாத வீரர்களில் கடைசி இடத்துக்காரருக்கு முதல் உரிமை. தொடர்ந்து இரண்டு வாரம் அணி போடாதவரின் வீரர்கள் அனைவரும் பொதுவுக்கு வந்துவிடுவார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

டிராஃப்டுக்கு முன்பே இவற்றைக் குழுவில் எழுதுங்கள். நீங்கள்தான் எழுத வேண்டும். போன முறை விட்டுவிட்டுப் போனவரே கேட்கும்போது எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வராது. மூன்றாம் சுற்றில் ஹூக்கரை மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்.